அசார் முப்பத்திரண்டு

மன்ரூபா குருங் பிறந்தது அசார் மாதம் முப்பத்திரண்டாம் தேதி. மாவட்ட அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்த குடியுரிமைச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. நம் ஆனி சில ஆண்டுகளில் முப்பத்திரண்டு நாள் நீள்வதுபோல் நேபாளத்து அசாரும் நீளும். காத்மாண்டுவில் டீக்கடைக்காரரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். இது தெரியாத ஜென்மம் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

அந்த ஜென்மத்தோடு மன்ரூபாவுக்குப் பதினெட்டு வயதில் தகராறு ஆரம்பித்தது. போக்ராவில் கல்லூரியில் சேரப் போனாள். குமாஸ்தா மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "முப்பத்தொண்ணுன்னு போட்டுக்கறேன் தங்கச்சி. எல்லாரும் அப்படித்தான் போட்டுக்கறாங்க" என்றார்.

"உங்க வயசுல ஒரு நாளைக் குறைச்சா ஒத்துக்குவீங்களா அண்ணா?"

"தாராளமா. பத்து வருஷமே குறைச்சுக்கோ, பொண்டாட்டி சந்தோஷப்படுவா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மன்ரூபா சிரிக்கவில்லை. முதல்வரின் அறைவரை போய் ஒற்றைக்காலில் நின்று, பதிவேட்டில் கையால் முப்பத்திரண்டு என்று எழுத வைத்துவிட்டுத்தான் வந்தாள். அப்புறம் வங்கிக்கு மூன்று நாள் நடந்தாள். சிம் கார்டுக்கு ஒரு நாள். வெளிநாட்டுக்காரன் செய்த கம்ப்யூட்டர் படிவத்தில் தேதி தட்டும் பெட்டியெல்லாம் முப்பத்திரண்டைப் பார்த்ததும் சிவந்துபோகும்; சிவந்த பெட்டியைப் பார்த்தால் அவளும் சிவந்துபோவாள். கம்ப்யூட்டர் படித்ததே அந்தக் கோபத்தில்தான் என்று சொல்லிக்கொள்வாள். அதில் பாதி பொய். லம்ஜுங் மலையில் அப்பாவின் நெல் வயலில் முழங்கால் சேற்றில் நிற்கப் பிடிக்காததும் ஒரு காரணம்.

இப்போது வயது முப்பத்தொன்பது. காத்மாண்டு அனாம்நகரில் ஒரு மூன்றாவது மாடியில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் 'ஐசேலு' என்ற கம்பெனியில் அவள்தான் மூத்தவள். கணவர் சந்திரமான் டாக்சி ஓட்டுகிறார். வீட்டில் யாருக்குக் கோபம் அதிகம் என்பதில் இரண்டு பேருக்கும் இன்னும் முடிவாகவில்லை. மேசை இழுப்பறையில் சொந்தமாகச் செய்த மிளகாய் ஊறுகாய் ஒரு பாட்டில் வைத்திருப்பாள். 'இருக்கலாம்', 'பார்க்கலாம்' என்று அவள் சொல்லி ஆபீசில் யாரும் கேட்டதில்லை. இருக்கிறது, இல்லை, இரண்டே பதில். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது என்பதால் அவளோடு வாதாடுவதை மற்றவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். அது நல்ல பழக்கமில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறந்தநாள் கேக் வெட்டுவதற்கும் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். அசாருக்கு முப்பத்திரண்டு வரும் ஆண்டில் அன்றைக்கு. வராத ஆண்டில் மறுநாள், சாவன் முதல் தேதி. லம்ஜுங்கில் இருக்கும் அம்மா மட்டும் எந்த ஆண்டானாலும் சாவன் முதல் தேதிதான் பாயசம் வைப்பாள். அன்றைக்கு மாலை ஊரே எரிகிற கொள்ளியை எடுத்து வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் வீசி, சொறி சிரங்கை ஓட ஓட விரட்டும். அதற்கு லுதோ வீசுவது என்று பெயர். "நீ பொறந்தது லுதோ வீசற நாள்டி. பெத்தவ எனக்குத் தெரியாதா?" என்பாள் அம்மா. அம்மாவுக்குத் தேதி எங்கே நினைவிருக்கப் போகிறது என்று மன்ரூபா சிரித்துக்கொள்வாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஐசேலுவுக்கு ஒரு நல்ல வேலை வந்தது. மலைப்பக்கத்து மாகாணம் ஒன்றில் நிரந்தர ஆசிரியர் பதவிக்கு இணையம் வழியாக விண்ணப்பம் வாங்க வேண்டும். வேலையை முதலில் எடுத்தது சுமேத் சாக்கியா, பாட்டன் நகரத்துக்காரன், முப்பது வயது, கெட்டிக்காரன், வம்புக்குப் போகாதவன். வலைத்தளம் கட்டுவதற்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் ஃப்ரேம்வொர்க் ஒன்றை எடுத்து, அதிலேயே கூட வரும் தேதிச் சரிபார்ப்பைப் பிறந்த தேதிப் பெட்டியில் மாட்டிவிட்டு, வந்து பாருங்கள் என்றான்.

மன்ரூபா ஜேட் மாதம் முப்பதாம் தேதியைத் தட்டினாள். பெட்டி சிவந்தது.

"ஜேட் ரெண்டாவது மாசம்" என்றாள். "உன் பெட்டி அதைப் பிப்ரவரின்னு நினைச்சுக்கிட்டிருக்கு. ஜேட் கடைசியில பொறந்த வாத்தியார் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டே."

சுமேத் தலையைச் சொறிந்தான். "ரெடிமேடா இதுதான் அக்கா வருது."

"ரெடிமேட் சட்டை கை குட்டையா இருந்தா கையையா வெட்டிக்குவே?"

அதோடு அந்தப் பெட்டி மன்ரூபாவின் பெட்டியாயிற்று. இருபது வருடக் கணக்கைத் தீர்க்க ஒரு வாய்ப்பு, விடுவாளா. ஃப்ரேம்வொர்க் என்னதான் அயலானாக இருந்தாலும், சொந்த விதியைச் சேர்த்துக்கொள்ள ஒரு வாசல் வைத்திருக்கும். விதிக்கு ஒரு பெயர் கொடுத்து, சரியா தப்பா என்று சொல்லும் பத்து வரியை எழுதி, தப்பானால் என்ன சொல்ல வேண்டுமோ அந்த வாசகத்தையும் கொடுத்துவிட்டால், கூட வந்த விதிகளோடு இதுவும் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மன்ரூபா விதியை எழுதினாள். எந்த ஆண்டில் எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்ற அட்டவணையை, மூன்று பழைய பஞ்சாங்கத் தொகுப்புகளை வைத்து ஒத்துப் பார்த்து, சுமேத் தட்டினான். எழுபது ஆண்டு, ஆண்டுக்குப் பன்னிரண்டு எண். சோதித்ததும் அவன்தான். எழுதியவரே சோதிக்கக் கூடாது என்பது மன்ரூபாவின் இன்னொரு சட்டம்.

இந்தச் சரிபார்ப்பு சர்வருக்குப் போய்த் திரும்பாமல் பிரவுசரிலேயே நடக்க வேண்டும் என்பதிலும் அவள் பிடிவாதமாக இருந்தாள். மலையில் ஒரு ஆசிரியை இரண்டு மணி நேரம் நடந்து கடைத்தெருவுக்கு வந்து, ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒன்பது பக்கம் நிரப்பி அனுப்பி, நெட் முக்கி முனகி அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு 'பக்கம் இரண்டில் பிழை' என்று திரும்பி வந்தால், அந்தம்மாள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெட்டியிலிருந்து விரலை எடுத்த நொடியே தெரிந்துவிட்டால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். பிரவுசரைத் தாண்டி ஏதாவது வந்துவிட்டால் பிடிக்க சர்வரிலும் அதே விதியை இன்னொரு காவலாக நிறுத்தினாள்.

மாகாணக் கல்வி அலுவலகத்தின் தேர்வுப் பிரிவு அதிகாரி டேக்நாத் கதிவடா ஒரு நாள் நேரில் வந்தார். மெதுவாகப் பேசும் மனிதர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே பாதி கூட்டத்தை ஓட்டிவிடுவார். அவர் முன்னால் மன்ரூபா தன் பெட்டியை ஓட்டிக் காட்டினாள்.

"அசார் முப்பத்திரண்டை ஏத்துக்கற முதல் பெட்டி சார் இது. நானே அன்னிக்குப் பொறந்தவ. அந்த நாளோட அருமை எனக்குத் தெரியும்."

"முப்பத்திரண்டு இல்லாத வருஷத்துல யாராவது முப்பத்திரண்டு போட்டா?"

"உள்ள விடாது சார். பஞ்சாங்கத்தில் இல்லாத தேதி எதுவும் உள்ள வராதுன்னு ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போட்டுக்கோங்க."

கதிவடாவுக்குப் பிடித்துப் போயிற்று. போட்டுக்கொண்டார். முதலாளி ஹேமராஜ் பராஜுலிக்கும் பெருமைதான்; கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் மோமோ வாங்கிக் கொடுத்தார். சுமேத் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

பாகுன் மாதத்தில், அதாவது நம் மாசியில், விண்ணப்பம் திறந்தார்கள். பதினைந்து நாள் அவகாசம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணியோடு சரி. பதினான்கு நாளும் ஒரு குறையில்லை. பக்கத்தின் அடியில் உதவிக்கு என்று போட்டிருந்த எண் மன்ரூபாவின் மேசைக்கு வரும். புகைப்படம் ஏறவில்லை, கையெழுத்து சிறியதாக இருக்கிறது என்று கேட்பார்கள். தேதியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மன்ரூபாவுக்கு மனசு நிறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றேகாலுக்கு போன் மணி அடித்தது.

"மிஸ், நான் தில்சரா புன் பேசறேன். ப்ரைமரி ஸ்கூல் டீச்சர். ஜெராக்ஸ் கடையிலேர்ந்து பேசறேன். என் பொறந்த தேதியை உங்க பெட்டி எடுத்துக்க மாட்டேங்குது."

"என்ன தேதி போட்டீங்க அக்கா?"

"அசார் முப்பத்திரண்டு" என்று சொல்லி ஆண்டையும் சொன்னாள்.

மாதமும் தேதியும் மட்டுமில்லை, ஆண்டும் மன்ரூபாவுடைய ஆண்டு.

"நல்லாப் போட்டுப் பாருங்க. எடுத்துக்கும். நானே எழுதினது."

"நாலு தடவை போட்டாச்சு மிஸ். 'இப்படி ஒரு நாள் கிடையாது'ன்னு வருது. அந்த வருஷம் அசாருக்கு முப்பத்தொரு நாள்தானாம்."

அந்த வாசகத்தையும் எழுதியவள் மன்ரூபாதான். சுருக்கமாக, தெளிவாக, யாருக்கும் புரிகிற மாதிரி. எழுதிய அன்றைக்கு அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

"அப்படின்னா உங்க சான்றிதழ்ல தப்பா எழுதிட்டாங்க அக்கா" என்றாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"இருக்கட்டும் மிஸ். தப்போ சரியோ, என்கிட்ட இருக்கறது அந்த ஒரு காகிதம்தான். முப்பத்தொண்ணுன்னு போட்டு அனுப்பினா, காகிதத்தோட ஒத்துப் போகலைன்னு தள்ளிடுவாங்க. போன தடவை எங்க ஸ்கூல்ல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. சான்றிதழைத் திருத்தணும்னா ஆறு மாசம் அலையணும். எனக்கு வர்ற அசாரோட நாப்பது முடியுது. நாப்பது முடிஞ்சா பரீட்சை எழுத முடியாது. பதினாலு வருஷமா தற்காலிகத்திலேயே ஓட்டிட்டேன். இதான் எனக்குக் கடைசி தடவை." குரல் உடையவில்லை, கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்புறம்தான் சொன்னாள்: "பதினாலு வருஷமா பிள்ளைங்களுக்குத் தேதி எழுதச் சொல்லித் தரேன். பெட்டி என்னைப் பார்த்து, நீ பொறக்கவே இல்லைங்குது."

மன்ரூபாவுக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக அவள் குமாஸ்தாக்களிடம் சொன்ன அதே பேச்சு. இந்தத் தடவை சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது அவள்.

"கடையிலேயே இருங்க அக்கா. எங்கேயும் போகாதீங்க. மூணு மணிக்குள்ள நான் கூப்பிடறேன்" என்று போனை வைத்தாள்.

வைத்துவிட்டுப் படிவத்தைத் திறந்து, தன் பிறந்த தேதியைத் தட்டினாள். இதுவரை அவள் அதைச் செய்யவில்லை; கதிவடாவுக்கு ஓட்டிக் காட்டியதுகூட வேறு ஆண்டுதான். தன் கை விரலை யாராவது எண்ணிப் பார்ப்பார்களா? பெட்டி சிவந்தது. இப்படி ஒரு நாள் கிடையாது.

பஞ்சாங்கத் தொகுப்பை எடுத்துப் பார்த்தாள். மூன்றிலும் அந்த ஆண்டு அசார் முப்பத்தொன்றோடு முடிந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் முப்பத்திரண்டு இருந்தது. பிந்தைய ஆண்டிலும் இருந்தது. நடுவில் அவள் ஆண்டில் மட்டும் இல்லை.

முதல்வர் அறை, வங்கி, சிம் கார்டு, ஒற்றைக்காலில் நின்றதெல்லாம் வரிசையாக வந்து போயிற்று. யார் வீட்டுக் கண்ணாடியிலோ தன் முகத்தைப் பார்த்து வேறு யாரோ என்று திடுக்கிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. வெட்கமாக இருந்தது. அதைவிட, சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"சுமேத்."

அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தான். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும் அக்கா."

"எப்பலேர்ந்து?"

"அட்டவணை தட்டின அன்னிக்கு. உங்க வருஷம் வந்ததும் நின்னு மூணு புஸ்தகத்திலேயும் பார்த்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா பஞ்சாங்கம் தப்புன்னு சொல்லியிருப்பீங்க."

அவன் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. இவள் நிச்சயமாகப் பேசிப் பேசியதில், பக்கத்து நாற்காலிக்காரன் கண்ணால் பார்த்ததைக்கூடச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறான். அவன் விழுங்கியது இப்போது எங்கோ ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒருத்தியின் தொண்டையில் நிற்கிறது.

"இனிமே சொல்லு" என்றாள். "நான் கத்தினாலும் சொல்லு."

"கத்துவீங்களா?"

"கத்துவேன். நீ சொல்லு."

பிறகு எழுந்து பராஜுலியின் அறைக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் கையைப் பிசைந்தார். "ஒப்பந்தத்தில இருக்கேம்மா. பஞ்சாங்கத்தில் இல்லாத தேதி உள்ள வரக் கூடாது. அந்த வரியைப் போடச் சொன்னதே நீதான்."

"நான்தான் சார். எடுக்கச் சொல்றதும் நான்தான்."

"கடைசி நாள்ல, கடைசி மூணு மணி நேரத்துல விதியை மாத்தினா ஊர் என்ன பேசும்? யாருக்கோ கதவு திறந்து விட்டோம்னு சொல்ல மாட்டாங்களா?"

"கதிவடா சார் எழுத்தில் சொன்னா?"

"அவர் சொன்னா சரி. அவர் சொல்ல மாட்டார்" என்றார் பராஜுலி.

கதிவடா போனை எடுத்தார். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைத் துடைக்கும் சத்தம்கூடக் கேட்பதுபோல் இருந்தது.

"இல்லாத தேதிக்கு வயசு எப்படிம்மா கணக்குப் போடறது?"

"முப்பத்தொண்ணுக்கு மறுநாள்னு எடுத்துக்கலாம் சார். சாவன் ஒண்ணு. நாள் எங்கேயும் போயிடல. பேருதான் தப்பா எழுதியிருக்கு. நாப்பது வயசு வரம்புக்கு அதுல ஒரு பாதகமும் இல்லை. பெட்டி சிவக்க வேண்டாம், மஞ்சளாகட்டும். 'பஞ்சாங்கத்தில் இப்படி இல்லை, உங்கள் சான்றிதழில் இப்படியே இருக்கிறதா'ன்னு கேக்கட்டும். ஆமான்னு குறி போட்டா உள்ள விடட்டும், பேரைத் தனிப் பட்டியல்ல சேர்த்து உங்களுக்கு அனுப்பட்டும். சான்றிதழை நீங்களே கண்ணால பார்த்துக்கலாம்."

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு யாராவது கேஸ் போட்டா? அரசாங்கம் அப்படி ஒரு தேதியைக் கொடுக்கவே கொடுக்காது, அந்தம்மா சான்றிதழே போலின்னு சொன்னா நான் என்ன பதில் சொல்வேன்?"

"கொடுத்திருக்கு சார்."

"ஒரே ஒரு சான்றிதழை வெச்சு எப்படிச் சொல்றது?"

மன்ரூபா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே ஒரு டாக்சிக்காரர் மோட்டார் சைக்கிள்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சந்திரமான் இல்லை.

"ரெண்டு சார்" என்றாள். "இன்னொண்ணு வேற மாவட்டத்துல கொடுத்தது. அதே வருஷம், அதே தேதி. நகல் இப்பவே அனுப்பறேன்."

"யாருது?"

"அனுப்பறேன் சார், பாருங்க."

சான்றிதழைக் கைப்பையில்தான் வைத்திருப்பாள். இத்தனை வருடச் சண்டையில் அது கூடவே இருந்து பழகிவிட்டது. இரண்டு பக்கமும் படமெடுத்து, நாலு வரிக் கடிதத்தோடு அனுப்பினாள். 'இந்தத் தேதி பஞ்சாங்கத்தில் இல்லை. ஆனால் அரசு இதை எனக்குக் கொடுத்தது, நான் இதை வைத்தே வாழ்ந்திருக்கிறேன். விண்ணப்பதாரரின் தேதியும் இதுவே. விதி எழுதியபோது இதை நான் யோசிக்கவில்லை, பிழை என்னுடையது.' கடைசி வரியைத் தட்டும்போது விரல் தயங்கியது. 'பிழை என்னுடையது' என்று அதற்குமுன் எப்போது எழுதினாள் என்று நினைத்துப் பார்த்தாள், நினைவு வரவில்லை.

ஒன்றரை மணிக்குப் பதில் வந்தது. அனுமதி, அலுவலக எண், தேதி, கையெழுத்து, எல்லாம் முறையாக. பின்னாலேயே கதிவடாவின் போனும் வந்தது.

"அன்னிக்குக் கூட்டத்துல சொன்ன பிறந்தநாள் இதுதானாம்மா?"

"இதுதான் சார்."

"சரி" என்றார். நல்ல மனிதர், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

வேலை என்று பார்த்தால் அரை மணி நேரம்கூட இல்லை. விதி இதுவரை சரி, தப்பு என்று இரண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது மூன்றாவது ஒன்று சேர்ந்தது. பதின்மூன்றாம் மாதம், நாற்பத்தைந்தாம் தேதி என்று எவராவது தட்டினால் பழையபடி சிவக்கும். முப்பத்திரண்டுக்குள் இருந்து பஞ்சாங்கத்தில் மட்டும் இல்லையென்றால் மஞ்சள் கேள்வி வரும். பிரவுசரில் மாற்றியதோடு விடாமல் சர்வரிலிருந்த காவலுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தாள்; இல்லாவிட்டால் வாசலில் சிரித்து உள்ளே விட்டு, கூடத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளிய கதையாகிவிடும். 'இப்படி ஒரு நாள் கிடையாது' என்ற வரியைத் தன் கையாலேயே அழித்தாள்.

சோதித்தது சுமேத். இரண்டு தடவை தப்புக் கண்டுபிடித்தான். இரண்டாவது தடவை வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். மன்ரூபா கத்தினாள், திருத்தினாள்.

இரண்டு இருபதுக்கு ஜெராக்ஸ் கடைக்கு போன் போட்டாள். "அக்கா, பக்கத்தைப் புதுசா திறங்க. தேதியைப் போடுங்க. என்ன வருது, வாய்விட்டுப் படிங்க."

தட்டும் சத்தம் கேட்டது. தில்சரா வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "'இந்த ஆண்டின் பஞ்சாங்கத்தில் இந்தத் தேதி இல்லை. உங்கள் சான்றிதழில் இப்படியே இருக்கிறதா?' ஆமான்னு ஒரு கட்டம் இருக்கு மிஸ்."

"இருக்கா, சான்றிதழ்ல?"

"இருக்கு."

"அப்ப குறி போடுங்க."

ஒன்பது பக்கமும் போய்ச் சேர இரண்டு முப்பத்தெட்டு ஆயிற்று. பதிவு எண் வந்ததும் தில்சரா அதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள். கடைக்காரர் பின்னால் யாருக்கோ டீ சொல்வது கேட்டது. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது; மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தாள்.

"எங்கம்மா சொல்வாங்க மிஸ், நான் பொறந்தது லுதோ வீசற நாளாம். சான்றிதழ் எழுதினப்ப, அசார் முப்பத்தொண்ணுக்கு மறுநாள்னு எங்கப்பா சொல்லியிருக்கார். எழுதறவர் ஒண்ணைக் கூட்டி முப்பத்திரண்டுன்னு போட்டுட்டார். ரெண்டு பேரும் பஞ்சாங்கத்தைப் பார்க்கல."

மன்ரூபாவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. லம்ஜுங்கில் கொள்ளி எரியும் முற்றம், பாயசக் கிண்ணம், அம்மாவின் பேச்சு. பெத்தவ எனக்குத் தெரியாதா.

"எங்கம்மாவும் அதைத்தான் அக்கா சொல்றாங்க, முப்பத்தொன்பது வருஷமா" என்றாள்.

"உங்களுக்கும் அதே தேதியா மிஸ்?"

"அதே தேதி. அதே வருஷம்."

"அப்ப உங்க பெட்டி உங்களையே வேண்டாம்னு சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பராஜுலி அறைக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குப் படிவம் மூடியது. அந்த நாற்பது நிமிடத்தில் மஞ்சள் கட்டத்தில் குறி போட்டவர்கள் மொத்தம் பதினொரு பேர். பத்துப் பேர் போனே பண்ணவில்லை. பதினான்கு நாளாக அந்தப் பத்துப் பேரும் சிவப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், கடைசி நிமிடத்தில் இன்னொரு தடவை முயன்று பார்க்கலாமென்று வந்திருக்கிறார்கள். வராமலேயே போனவர்கள் எத்தனை பேரோ, அந்தக் கணக்கு எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலைக் கதிவடாவுக்கு அனுப்பும்போது அதையும் ஒரு வரி எழுதினாள். அவர் மேலிடத்தில் பேசி, அப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு வாரம் தனியாகத் திறந்துவிட்டார். இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

ஒரே நாளில் யாரும் மாறிவிடுவதில்லை. மன்ரூபா இப்போதும் நிச்சயமாகத்தான் பேசுகிறாள். ஆனால் பேசி முடித்ததும் சுமேத் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். அவன் வாயைத் திறந்தால் கத்துவாள். அவன் சொல்லி முடிப்பான்.

சாவன் முதல் தேதி காலை, மன்ரூபா ஆபீசுக்குக் கிளம்ப ஸ்கூட்டரை மிதித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அம்மாவோடு ஏற்கெனவே பேசியாயிற்று. வாழ்க்கையில் முதன்முறையாக, "நீ சொன்னதுதாம்மா சரி" என்று சொல்லி, அம்மா அதை நம்பாமல் இரண்டு தடவை கேட்டும் ஆயிற்று. இது வேறு எண்.

"மிஸ், தில்சரா பேசறேன். எழுத்துப் பரீட்சை தேறிட்டேன். நேர்முகம் அடுத்த மாசம்."

"தேறுவீங்கன்னு தெரியும் அக்கா."

"அதைச் சொல்லக் கூப்பிடல மிஸ்" என்றாள் தில்சரா. "நமக்கு இன்னிக்கு நாப்பது முடிஞ்சுது. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."